எந்த ரோஸ்தோவ்

தம்பி ரஷ்யாவுக்குப் போன மூன்றாம் நாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நான் ஆங்கிலம் சொல்லித் தருகிறவள். அன்றைக்குப் பத்தாம் வகுப்பு அறையில் மேற்பார்வை. செல்போனை ஆசிரியர் அறையில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். மதியம் தாள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தபோது அவனிடமிருந்து ஒரு செய்தியும் ஒரு படமும் வந்திருந்தன.

‘அக்கா, ரோஸ்தோவ் வந்துட்டோம். இங்க நம்ம சிம் எடுக்கல. ஸ்டேசன் வைஃபைல அனுப்பறேன். நாளைக்குப் பேசறேன். நைனாகிட்ட சொல்லு.’

படத்தில் ஒரு ரயில் நிலையம். அவனும் கூடப் போன இரண்டு பையன்களும் தடித்த கோட்டுக்குள் நின்றிருந்தார்கள். தம்பியின் மூக்கு சிவந்திருந்தது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவன் இருக்கும் ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம் என்று செல்போனில் அந்தப் பெயரைத் தட்டினேன்.

முதலில் வந்தது சண்டைச் செய்தி. அடுத்ததும் அதுவே. டான் என்ற ஆற்றங்கரையில் பெரிய நகரம், எல்லைக்குப் பக்கம், படை அதிகாரிகள் உட்காரும் இடம், ஆளில்லா விமானம் வந்தது, சைரன் ஊதியது. சோற்று டப்பாவை மூடிவிட்டேன். பக்கத்து மேசை டீச்சர், “இன்னா டீச்சர், ஒரு மாதிரி ஆயிட்டீங்க?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

தம்பி ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவன். அவலூர்பேட்டையில் ஒரு ஏஜென்ட் மூலமாக இந்த வேலை கிடைத்தது. காய்கறி பதப்படுத்தும் தொழிற்சாலையில் குழாய் வேலை, ஒரு வருடம். வெளிநாட்டுக்கு ஆள் எடுத்து வேறு எங்கேயோ கொண்டுபோய் விடுகிறார்கள் என்று நாங்களும் கேள்விப்பட்டிருந்தோம். அதனால் எல்லாப் பாரங்களையும் நானே உட்கார்ந்து நிரப்பினேன். பிறந்த ஊர் என்ற இடத்தில் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி ஆங்கிலத்தில் ஜிஞ்சி என்று எழுதவேண்டுமா, ஆதாரில் இருக்கிறபடி செஞ்சி என்று எழுதவேண்டுமா என்று ஏஜென்டுக்கு நான்கு முறை போன் செய்தேன். ஒப்பந்தத்தில் வேலை செய்யும் இடம் என்பதற்கு நேராக ஒற்றைச் சொல்லாக ரோஸ்தோவ் என்று இருந்தது. அதைப் பார்த்தேன், தாண்டிப் போய்விட்டேன். எங்கள் ஊரின் எழுத்துக்கு அவ்வளவு கவலைப்பட்டவள், அவன் போகிற ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

அன்றைக்கு மாலை வீட்டுக்குப் போகும் சிங்கவரம் பஸ்ஸில் உட்கார்ந்து மறுபடியும் தேடினேன். அப்போதுதான் இன்னொரு ரோஸ்தோவ் இருப்பது தெரிந்தது. மாஸ்கோவுக்கு வடக்கே, ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். வெள்ளைச் சுவர், மேலே குமிழ் குமிழாகக் கோபுரங்கள். இதுதான் மூத்த ஊர். பழைய காலத்து ஆள் யாரோ ஒருவருடைய பெயரிலிருந்து ரோஸ்தோவ் என்று வந்திருக்கும், அவருக்குச் சொந்தமான ஊர் என்று அர்த்தம் என்கிறார்கள். இந்த ஊரில் இருந்த பிஷப் ஒருவர் பிற்பாடு புனிதரானார். வெகு தெற்கே டான் ஆற்றங்கரையில் கட்டிய ஒரு கோட்டைக்கு அவர் பெயரை, ஊர்ப்பெயரோடு சேர்த்து வைத்தார்கள். அந்தக் கோட்டையைச் சுற்றி வளர்ந்த நகரம் புனிதரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்துக்கொண்டது. இப்போது நகரம் பெரிதாகிவிட்டது. ஆங்கிலப் பத்திரிகைகள் ரோஸ்தோவ் என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் அந்த நகரத்தைத்தான் சொல்கின்றன. குழப்பம் வரக்கூடாது என்றால் அதை டான் ஆற்று ரோஸ்தோவ் என்பார்கள், சின்ன ஊரை மகா ரோஸ்தோவ் என்பார்கள். சின்னதற்குத்தான் மகா.

தம்பியின் செய்தியில் டானும் இல்லை, மகாவும் இல்லை.

நைனா, எங்கள் அப்பா, நெல் ஏலம் நடக்கும் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். அறுபது தாண்டியும் விடவில்லை. அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நான் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு நான் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்டது, “பையன் பேசனானா?” என்றுதான்.

“வந்து சேந்துட்டானாம் நைனா. நாளைக்குப் பேசறேன்னான்.”

“ஊரு எப்படியாம்?”

செல்போனை எடுத்து ஏரிக்கரை ஊரின் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கோபுரத்தின் உச்சியில் சிலுவை இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்.

“கோயிலு பக்கத்துலயே இருக்குது. ஞாயித்துக்கெழம போவச் சொல்லு,” என்றார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த ஊராகவும் இருக்கலாம் அல்லவா. மறுநாள் அவர் அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி, கமிட்டியில் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் தம்பி பேசவில்லை. அதற்கு அடுத்த நாளும் பேசவில்லை. நான் அனுப்பிய செய்திகளுக்குப் பக்கத்தில் ஒற்றை டிக் மட்டுமே இருந்தது. ஏஜென்டுக்குப் போன் போட்டால், “ஃபாரின்காரங்களுக்கு சிம் குடுக்க அங்க லேட் ஆவும் மேடம். டென்சன் ஆவாதீங்க,” என்றார். எந்த ரோஸ்தோவ் என்று கேட்டேன். “ரோஸ்தோவ்தான் மேடம். பேப்பர்லதான் இருக்குதே,” என்றார்.

தம்பியின் குணம் எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் சித்தாமூரில் ஒரு பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பைலைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் மேல்சித்தாமூருக்குப் போய்விட்டான். ஜைன மடத்துக்கு எதிரே நின்று பட்டறை எங்கே என்று விசாரித்திருக்கிறான். ஆள் எடுத்தது மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சித்தாமூரில். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவனும் சிரித்தான், நாங்களும் சிரித்தோம். ஏறச் சொன்ன வண்டியில் ஏறிவிடுவான். எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்கமாட்டான்.

செய்தி வந்த நான்காம் நாள் ரஷ்ய எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். ஒப்பந்தத்தின் இன்னொரு பாதி ரஷ்ய மொழியில் இருந்தது. அதில் ஊரின் பெயர் முழுசாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை. அவர்களுடைய எழுத்தில் ரோஸ்தோவ் என்பது நம் கண்ணுக்கு ஆங்கில எழுத்துகள் மாதிரியே தெரிகிறது. பி, ஓ, சி, டி, ஓ, பி. பாக்டாப் என்று வாசிக்கத் தோன்றும். ஆனால் முதலில் வரும் பி (P) அவர்களுக்கு ர, சி (C) என்பது ஸ, கடைசி பி (B) என்பது வ. விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவால் ஒரு தாளில் எழுதி எழுதிப் பழகினேன். ஒப்பந்தத்தின் அந்தப் பாதியைத் தம்பி செல்போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். மடிப்பில் விழுந்த நிழலில் அந்த வரி தெரியவே இல்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டேன். டான் ஆற்று ரோஸ்தோவை ரஷ்ய மொழியில் எழுதும்போது பெயருக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு போட்டு, டான் மேல் என்று சேர்த்து எழுதுகிறார்கள். மகா ரோஸ்தோவுக்குக் கோடு கிடையாது. இரண்டு தனிச் சொற்கள்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் அரை நாள். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு தம்பியின் படத்தை மறுபடியும் திறந்தேன். எத்தனையோ முறை பார்த்த படம்தான், ஆனால் அவன் முகத்தை மட்டுமே பார்த்திருந்தேன். அவர்களுக்குப் பின்னால் மேலே ஒரு பெயர்ப்பலகை இருந்தது. பெரிதாக்கினேன். பி, ஓ, சி, டி, ஓ, பி. அதற்குப் பிறகு ஒரு கோடு. கோட்டுக்கு அப்புறம் இருந்ததை உயரமான பையனின் குல்லாய் மறைத்திருந்தது.

செல்போனைப் பையில் போட்டுவிட்டுக் கமிட்டிக்கு நடந்தேன். நெல் வரத்து நேரம். வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. நைனா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் அந்த நேரத்தில் அங்கே போனதே இல்லை. என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னாமா?”

ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பது, நான் காட்டியது ஒன்று, அவன் இருப்பது வேறு என்பது, கோடு, எல்லாம்.

“அப்ப அந்த ஏரி, கோயிலு?”

“அது வேற ஊரு நைனா.”

“இவன் இருக்கிற ஊர்ல சண்டையா?”

“ஊருக்குள்ள இல்ல. பக்கத்துல. அப்பப்ப குண்டு வந்து விழுதுன்னு போடறாங்க.”

“எப்பலேந்து தெரியும் உனக்கு?”

“முதல் நாளே சந்தேகம்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மேஸ்திரியிடம் போய் ஏதோ சொன்னார், குழாயில் முகம் கழுவினார், பையிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார். “அவலூர்பேட்ட பஸ்ஸு எத்தினி மணிக்கி?” என்றார்.

ஏஜென்டின் ஆபீஸ் என்பது ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பாதி. சுவரில் விமானப் படம் ஒட்டியிருந்தது. அவருக்கு என் வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்ததும் நாற்காலி போட்டார். நைனா உட்காரவில்லை.

“எம் பையன் எந்த ரோஸ்தோவ்ல இருக்கிறான்?”

“இன்னா பெரியவரே, ரோஸ்தோவ் ஒண்ணுதான்.”

“ரெண்டு இருக்குதாம். என் பொண்ணு பாத்துக்கினு வந்திருக்குது.”

நான் செல்போனில் வரைபடத்தைத் திறந்து இரண்டையும் காட்டினேன். வடக்கே ஒரு புள்ளி, தெற்கே ஒரு புள்ளி. தெற்கில் இருந்ததற்குப் பக்கத்தில் எல்லைக்கோடு. ஏஜென்ட் செல்போனை வாங்கி, விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. அதுவரை, அவர் எல்லாம் தெரிந்துகொண்டு மறைக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவருக்குத் தெரியவில்லை.

“என் அக்கா பையனும் அதே பேட்ச்ல போயிருக்கிறான் மேடம்,” என்றார். “அந்த ஹைட்டா இருப்பானே, அவன்தான்.”

கோட்டுக்கு அப்புறம் இருந்ததை மறைத்த குல்லாய்க்காரன்.

சென்னையில் யாருக்கோ போன் செய்தார். அவர் டெல்லியில் யாரையோ கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். நாங்கள் ஒரு மணி நேரம் நின்றோம். ஜெராக்ஸ் எடுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். திங்கட்கிழமைதான் தெரியும் என்று பதில் வந்தது. ஏஜென்ட் எங்களை வாசல்வரை வந்து அனுப்பினார். “தெரிஞ்சா எனக்கும் ஒரு போன் பண்ணுங்க மேடம்,” என்றார். வரும்போது சண்டை போடவேண்டும் என்று மனசுக்குள் எழுதி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாகப் போயின.

திரும்பி வரும் பஸ்ஸில் நைனா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கோட்டை மலை தெரிகிற இடம் வந்ததும் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

“எனக்கு இங்கிலீசு தெரியாது. நீ படிச்சிச் சொல்றதுதான் எனக்குத் தெரியும். நல்லதோ கெட்டதோ, உனக்குத் தெரிஞ்சத எனக்கும் சொல்லிடு. நான் ஊரெல்லாம் அந்தப் படத்தக் காட்டிக்கினு திரிஞ்சேன்.”

சரி நைனா என்றேன். அழுதால் அவருக்கு இன்னும் கஷ்டம் என்று மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்குப் போய்விட்டு மதியம்வரை திரும்பவில்லை. எல்லோரும் போன பிறகும் கோயிலிலேயே உட்கார்ந்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் வீட்டில் செய்தி பார்ப்பதும் செல்போனை மூடுவதுமாக இருந்தேன். டான் ஆற்று ரோஸ்தோவில் வானிலை எப்படி என்றுகூடப் பார்த்தேன். அங்கே மழை. தம்பி நிற்கும் படத்தில் கீழே பனி கிடந்தது. ஒரு வாரத்தில் பனி கரைந்து மழை பெய்யாதா என்ன. எதை வைத்தும் நிச்சயம் செய்ய முடியவில்லை.

திங்கட்கிழமை காலை மூன்றாவது வகுப்பு நடக்கும்போது பையில் செல்போன் அதிர்ந்தது. தலைமையாசிரியரிடம் சொல்லி அன்றைக்கு மட்டும் கையோடு வைத்திருந்தேன். தெரியாத நீளமான எண். வராந்தாவுக்கு ஓடினேன்.

“அக்கா, நான்தான்.”

செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அக்கா, கேக்குதா? சிம்மு இன்னிக்கித்தான் குடுத்தாங்க. கைரேகையெல்லாம் எடுத்தாங்க. ஹாஸ்டல்ல வைஃபை இல்ல, ஸ்டேசன் பக்கம் போவவும் வுடல. உன் நம்பரு மனப்பாடமா தெரியாது, செத்துப்போன போன்லதான் இருந்திச்சி. இங்க குளுருக்கு பேட்டரி நிக்கல, இப்பத்தான் வேற சார்ஜர் வாங்கிப் போட்டேன்.”

“எந்த ரோஸ்தோவ்டா?”

“இன்னாக்கா, ரோஸ்தோவ்தான்.”

“அங்க ஏரி இருக்குதா?”

“ஏரியா?” என்று இழுத்தான். “இருக்குது. பெரிய ஏரி. ஐசாக் கெடக்குது. அதும்மேல உக்காந்து மீன் புடிக்கிறானுங்க.”

“ஸ்டேசன் போர்டுல ரோஸ்தோவுக்குப் பின்னால ஒரு கோடு இருக்குதே, அது இன்னா?”

“அதுவா. ரோஸ்தோவ்-யாரோஸ்லாவ்ஸ்கி. யாரோஸ்லாவ்ல்னு பக்கத்துல பெரிய ஊரு இருக்குது, அந்த ஜில்லாதான் இது. ரயில்வேக்காரன் அப்பிடி எழுதி வச்சிருக்கான்.”

ஊருக்கு இல்லாத கோடு ரயில் நிலையத்துக்கு இருந்தது. இரண்டு ரோஸ்தோவ்களும் ஒரே நாட்டின் ரயில் பாதையில் இருப்பதால் டிக்கெட் கொடுக்கிறவர்களுக்குக் குழப்பம் வராமல் இருக்கப் போட்ட கோடு. அதைப் பார்த்துத்தான் நான் நைனாவைக் கமிட்டியிலிருந்து எழுப்பிக் கூட்டிப் போனேன்.

ஏஜென்டுக்கு முதலில் போன் செய்தேன். அவர், “கடவுளே,” என்றார், போனை வைத்துவிட்டார். மதிய இடைவேளையில் கமிட்டிக்குப் போனேன். நைனா கேட்டுவிட்டு, “அவனே சொன்னானா, நீயாச் சொல்றியா?” என்றார். அந்தக் கேள்வி எனக்குச் சேரவேண்டியதுதான்.

சாயங்காலம் வீடியோவில் தம்பி வந்தான். நைனா அவன் சாப்பிட்டானா என்றுகூடக் கேட்கவில்லை. “ஏரியக் காட்டு,” என்றார். அங்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. தம்பி கரைக்கு நடந்துபோய்ச் செல்போனைத் திருப்பினான். வெள்ளையாக ஒன்று விரிந்து கிடந்தது. நைனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது ஏரின்னு எப்படித் தெரியும்? கழனி மாதிரியும்தான் இருக்குது.”

தம்பி பனியில் இறங்கி நடந்தான். அவன் மூச்சு வாங்குவது கேட்டது. ஒரு கிழவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஐஸில் ஓட்டை போட்டுத் தூண்டில் விட்டிருந்தார். ஓட்டைக்குள் தண்ணீர் கறுப்பாக இருந்தது. தம்பி செல்போனை அதற்கு நேராகப் பிடித்தான். நைனா நெடுநேரம் அதையே பார்த்துவிட்டு, “சரி, ஐசு மேல நிக்காத, கரைக்குப் போ,” என்றார்.

அதன் பிறகு பதினொரு மாதம் அவன் அங்கே இருந்தான். எங்களுக்குப் பயம் போகவில்லை. டிவியில் ரோஸ்தோவ் என்று வரும்போதெல்லாம் நைனா சத்தத்தைக் கூட்டிவிட்டு என்னைக் கூப்பிடுவார். “எது?” என்பார். நான் ஆங்கிலத்தில் தேடிப் பார்த்து, டான் ஆற்று ஊர் என்பேன். அவர் சத்தத்தைக் குறைப்பார். அந்த ஊரிலும் யாரோ பிள்ளைகள் இருப்பார்களே என்று ஒருநாள் சொன்னார். சில நாள் செய்தியில் எந்த ஊர் என்று எனக்கும் பிடிபடாது. அப்போது தெரியலை என்றே சொல்லிவிடுவேன். இரண்டு பேரும் தம்பியின் போனுக்குக் காத்திருப்போம்.

அவன் திரும்பி வந்தது போன டிசம்பரில். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது கன்னம் ஒட்டியிருந்தது. கையில் இரண்டு இடத்தில் தீப்பொறி சுட்ட தழும்பு. அன்றைக்கு மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான் அந்தப் பெயர்ப்பலகைக் கோடு பற்றிச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

“நீ ஏரி இருக்குதான்னு கேட்டப்பவே புரிஞ்சிதுக்கா, உனக்கும் தெரியும்னு. அங்க போன ரெண்டாம் நாளு ஒரு நேபாள் பையன் சொன்னான், இன்னொரு ரோஸ்தோவ் இருக்குது, அங்க சண்டைன்னு. இது எதுன்னு அவனுக்குந் தெரில. எனக்குந் தெரில. விடியறதுக்கு முன்ன வந்தோம், சுத்திலும் பனி, ஏரி இருக்கிறதே கண்ணுக்குத் தெரில. மூணு நாளு அப்பிடியே இருந்தோம். உங்ககிட்ட சொன்னா பயந்துடுவீங்கன்னுதான் போன்ல தெரியாத மாதிரி பேசனேன்.”

நைனா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். “அப்பறம் எப்படித் தெரிஞ்சிது?”

“கேண்டீன்ல சமைக்கிற அம்மாவ கேட்டேன். பேப்பர்ல ஆறு மாதிரி ஒரு கோடு இழுத்து, டானான்னு கேட்டேன். அந்தம்மா இல்ல இல்லன்னு தலய ஆட்டிட்டு, ஒரு தட்டுல தண்ணி ஊத்தி, ஓரத்தச் சுத்தி வெரலால காட்டனாங்க. அப்பவும் எனக்குப் புரியல. கையப் புடிச்சி வெளிய இழுத்துக்கினு போயி, அந்த வெள்ளையக் காட்டி, மறுபடியும் தட்டக் காட்டனாங்க. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்திச்சி.”

“அந்தம்மா பேரு இன்னா?”

தம்பி யோசித்தான். “நான் கடைசி வரைக்கும் மாமான்னுதான் கூப்ட்டேன் நைனா. அங்க அம்மாவ அப்பிடித்தான் சொல்லுவாங்களாம். பேரு கேக்கல.”

நைனா தலையாட்டிவிட்டு, அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.